சிறுநீரில் ரத்தம்: மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து, புது மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்து, அணுக்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். அப்போது ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். கூட இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தில் எல்லோரும் நிறத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் தவறு அதுதான்.

கொஞ்சம் ரத்தம் கலந்தாலே சிறுநீர் முழுக்கச் சிவந்துவிடும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. டாக்டர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நுண்ணோக்கியில் மட்டும் ரத்தம் தெரிந்தால் முதல் நிலை. கண்ணுக்கே தெரிந்தால் இரண்டாவது. ரத்தக் கட்டிகள் வந்தால் மூன்றாவது. கட்டி அடைத்து சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால் நான்காவது. ஆகவே டாக்டரிடம் “சிவப்பாகப் போகிறது” என்பதோடு நிறுத்தாதீர்கள். கட்டி வருகிறதா, எவ்வளவு பெரிது, கடைசியாக எப்போது, எத்தனை மில்லி போனது என்பதையும் சொல்லுங்கள். முட்டிக்கொண்டு வந்தும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது என்றால் அது அவசரம். அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் குடிக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும். அடைப்பு இல்லாதவரை நிறைய நீர் நல்லது, அடைத்துவிட்டால் முதலில் வழி திறக்க வேண்டும்.

அடுத்தது, “யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்” என்று முடிவுகட்டி, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்வது. பாக்டீரியாவாலும் எரிச்சலும் ரத்தமும் வரலாம், அதனால் சிறுநீரில் பாக்டீரியா வளர்கிறதா என்று கல்ச்சர் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பின் வரும் ரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். சிகிச்சையை ஒட்டிய முதல் சில நாட்களில் வந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். மாற்று சிகிச்சையில் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து உடலில் சிதையும்போது அக்ரோலின் என்ற பொருள் உருவாகி, சிறுநீர்ப்பையின் உள்தோலை அரிக்கிறது. அதைச் செயலிழக்க வைக்கத்தான் மெஸ்னா கொடுக்கிறார்கள், சலைனும் நிறைய ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் தூக்கம் கெடுகிறதே என்று இரவில் சிறுநீரை அடக்கி வைக்கக் கூடாது. அடக்கினால் அக்ரோலின் பைக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

சில வாரங்கள் கழித்து வந்தால் வைரஸ்தான் முதல் சந்தேகம், அதிலும் குறிப்பாக பிகே வைரஸ். 1971-ல் சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரிடம் கண்டறியப்பட்டு, அவர் பெயரின் முதலெழுத்துகளையே பெயராகப் பெற்ற வைரஸ் இது. பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்ததும் எழும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது. அதே சமயம், ரிப்போர்ட்டில் பிகே வைரஸ் என்று வந்ததுமே ‘வைரஸ் மருந்து கொடுங்கள்’ என்று டாக்டரை நெருக்குவதும் சரியில்லை. ரத்தப்போக்கே இல்லாத பலருக்கும் சிறுநீரில் அது வெளியேறும். சிடோஃபோவிர் போன்ற மருந்து சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. கொடுக்கலாமா வேண்டாமா என்பதை டாக்டர்தான் எடைபோட வேண்டும்.

வலி தாங்காமல் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடுவது இன்னொரு தவறு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைவு, இருப்பவற்றின் வேலையையும் இவை கெடுக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகமும் அடிபடும். வைரஸுக்குப் பயந்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் அந்த மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து. தானம் வந்த அணுக்கள் உடலைத் தாக்கத் தொடங்கிவிடலாம். அளவைக் குறைக்க வேண்டுமானால் டாக்டரே குறைப்பார்.

ரத்தத்தை நிறுத்துவதற்கென்று டிரானெக்ஸாமிக் அமிலத்தை வீட்டில் தொடவே கூடாது. ரத்தம் சிறுநீரகத்திலிருந்தோ அதன் குழாயிலிருந்தோ வந்தால், அங்கேயே கட்டியாகி வழியை அடைத்துவிடலாம்.

வார்டில் கூட இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் சிறுநீர்ப்பையைக் கழுவும்போதுதான். மூன்று வழி உள்ள தடிமனான கதீட்டரை (சிறுநீர்ப்பைக்குள் விடும் குழாய்) போட்டு, முதலில் சிரிஞ்சால் கட்டிகளை உறிஞ்சி எடுப்பார்கள். அப்புறம் ஒரு வழியில் சலைன் உள்ளே ஓடும், இன்னொரு வழியில் கழுவிய நீர் வெளியே வரும். உள்ளே 3 லிட்டர் போயிருக்கிறது, வெளிப்பையில் 2 லிட்டர்தான் இருக்கிறது என்று வையுங்கள். மீதி 1 லிட்டர் எங்கே? அநேகமாக சிறுநீர்ப்பைக்குள். ஜெல்லி மாதிரி ஒரு கட்டி குழாயின் வாயை அடைத்திருக்கும், மேலே சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படியே விட்டால் சிறுநீர்ப்பை கிழியவும் கூடும். நோயாளி வலியால் துடிக்கும்போது “சும்மா பிடிப்பு வலிதான்” என்று ஊசி கேட்பதற்கு முன் வெளிக்குழாயில் நீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிட்டு, உள்ளே போகும் சலைனை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களே குழாயை இழுக்கவோ திருகவோ வேண்டாம்.

உள்ளே போன அளவையும் வெளியே வந்த அளவையும் ஒரு தாளில் நேரம் போட்டு எழுதிவைக்கலாம். என்னைக் கேட்டால், உடனிருப்பவர் செய்யக்கூடிய உதவிகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

நீர் தெளிந்து கதீட்டரை எடுத்த பிறகும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புண் ஆறாத இடத்திலிருந்து மறுபடி கட்டி வரலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி போகிறது, எத்தனை மணி இடைவெளி என்பதைத் தொடர்ந்து குறித்து, போகவேண்டிய நேரத்தில் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சொல்லுங்கள்.