காடு வெட்டும் மெஷின் வாங்கும் முன்: வீடு, விளை பராமரிப்புத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் ஆனிச் சாரல் தொடங்கியதும், எங்கள் பக்கத்தில் புதிதாக நாலைந்து பையன்கள் புல்வெட்டும் மெஷினைப் பைக்கில் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அடுத்த சாரலுக்கு அவர்களில் ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். மற்றவர்களின் மெஷின் ஏதாவது ஒரு ரிப்பேர் கடையில் பாதி விலைக்கு நிற்கும். அந்தப் பையன்களுக்கு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே செய்வார்கள். வேலைக்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசாமலும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலும் இறங்கிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

குமரி மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் என்பதால் ஒருமுறை வெட்டிய புல் மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப வளரும். வளைகுடா, சென்னை, பெங்களூர் என்று குடும்பம் வெளியே இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. விளையில், அதாவது மரம் நிற்கும் தோட்ட நிலத்தில், காடுபோல் மண்டியதை வெட்ட, ஓடு மாற்ற, மொட்டை மாடி கழுவ, குழாய் ஒழுகினால் பார்க்க ஆள் தேடுகிறார்கள். ஆள் கிடைத்தால் விடவும் மாட்டார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

பெரும்பாலும் போனிலேயே விலை சொல்லிவிடுவதால். என் முதல் வருடத்தில் கருங்கல் பக்கம் ஒரு வேலை. வீட்டுக்காரர் துபாயிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, இருபது சென்ட்தான், சும்மா புல்லுதான், எவ்வளவு ஆகும்னு சொல்லு" என்றார். ஒரு நாள் வேலை என்று கணக்குப் போட்டு விலை சொன்னேன். போய்ப் பார்த்தால் இருபது சென்ட்டும் சரிவு. இடுப்பளவு புல், அதற்குள் தொட்டாச்சிணுங்கி முள், அதற்கும் அடியில் வீடு கட்டியபோது போட்ட கம்பித் துண்டுகளும் உடைந்த பாட்டில்களும். மெஷினில் புல்லை வெட்டும் நைலான் கயிறு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. அதற்குப் பதில் பிளேடு போட்டேன், முதல் அரை மணி நேரத்திலேயே கம்பியில் மோதி ஒரு பல் போனது. மூன்று நாள் ஆனது. கூடக் கேட்டேன். "நீ சொன்ன ரேட்டுதானே தம்பி?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சொன்னது நான்.

அன்றிலிருந்து நேரில் பார்க்காமல் விலை சொல்வதில்லை. பார்க்கப் போகும்போது ஒரு குச்சியோடு போகிறேன். புல்லுக்குள் நாலு இடத்தில் குத்திப் பார்த்தாலே கல்லும் கம்பியும் தெரிந்துவிடும். சரிவு எவ்வளவு, வெட்டியதை எங்கே போடுவது, தண்ணீர் எடுக்க கிணறு உண்டா, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி எவ்வளவு தூரம், எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம். வெட்டிய குப்பையை யார் அள்ளுவது என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காகவே அரை நாள் கூலியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். பேசியதை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகு வேலை தொடங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஆளுக்கு அந்த இரண்டு படம்தான் உங்கள் வேலை.

அடுத்தது விலையைப் போடும் விதம். பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்குகிறாரோ அதில் நூறு ரூபாய் குறைத்துக் கேட்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது. கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, மெஷின் 24,000 ரூபாய் என்றும், இரண்டு வருடத்தில் 240 நாள் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மெஷின் தேய்மானம் மட்டும் 100 ரூபாய். நாள் முழுக்க ஓட்டினால் நாலு லிட்டர் பெட்ரோல், அது 400. பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் 70, நைலான் கயிறு 80, பைக் பெட்ரோல் 100. ஆக 750 ரூபாய் செலவு. 1,500 ரூபாய்க்கு வேலையை ஒத்துக்கொண்டால் உங்கள் கைக்கு நிற்பது 750. கொத்தனாருக்குக் கையாளாகப் போனாலே அதைவிடக் கூடக் கிடைக்கும். மழையில் வேலை நின்ற நாட்களையும் ரிப்பேரையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஆயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சில மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், சிலவற்றுக்கு 40 மில்லி. கூட வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும். கண்ணளவில் ஊற்றி, ஆயில் குறைந்து, பிஸ்டன் பிடித்துப்போன மெஷின்கள்தான் ரிப்பேர் கடைக்கு அதிகம் வருகின்றன. அளவு குப்பி ஒன்று வாங்கப் பெரிய காசு ஆகாது.

கடன் வாங்கி எல்லா மெஷினையும் ஒரே நாளில் வாங்கி வைப்பதும் வேண்டாம். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் புல்வெட்டி, மரம் அறுக்கும் மெஷின், பிரஷர் வாஷர், ஸ்பிரேயர் என்று நாலையும் வாங்கி, மூன்றை வீட்டில் வைத்துக்கொண்டு தவணை கட்டுவதில் அர்த்தமில்லை. ஒன்றை வாங்கி, அது சம்பாதித்துத் தந்த காசில் அடுத்தது.

பாதுகாப்பில் செய்யும் தவறுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. புல்வெட்டி ஓடும்போது கல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றி 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று மெஷின் புத்தகங்களே சொல்கின்றன. நம் ஊரில் வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு குழந்தை நின்றாலும் மெஷினை அணைத்துவிட்டு, உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடி, பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே தடுப்பு, இவை இல்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம். ரப்பர் தோட்டத்திலும் பூட்டிக் கிடந்த விளையிலும் விரியன் இருக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது என்று நேரத்தைக் கடத்தாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து எந்த வழி பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

ஓட்டுக் கூரையில் ஓட்டின் நடுவில் கால் வைத்தால் உடையும். அடியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் போகும் இடம் பார்த்து மிதிக்க வேண்டும். சாரலில் பாசி பிடித்த ஓட்டில் ஏறவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். தென்னை ஓலையோ கிளையோ கரண்ட் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அதில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை. "சின்னக் கிளைதானே, அண்ணே" என்று சொல்லி ஏறச் சொல்பவர் கம்பிக்குப் பக்கத்தில் வருவதில்லை.

வந்த வேலைக்கெல்லாம் சரி சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காசு எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், லாரி வைத்து உறிஞ்சுபவர்களைக் காட்டிவிடுங்கள். பாழடைந்த ஆழக் கிணற்றில் தூர் வார இறங்குவதும் அப்படித்தான், உள்ளே மூச்சுவிட நல்ல காற்று இருக்காது. முதலில் இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் சேர்ந்து செத்துப்போகிற செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். தேக்கு, சந்தனம் வெட்டச் சொன்னால் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் மேலே, இன்சூரன்ஸ். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு இருந்து 18 முதல் 70 வயதுக்குள் இருந்தால் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். உங்களோடு வரும் கையாளையும் சேர்த்துவிடுங்கள், அந்த 20 ரூபாயை நீங்களே கட்டுங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டம் தனியாக உண்டு.

பதிவு விஷயம் சுருக்கமாக. மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்கலாம்.

இடமும் காலமும் தெரியாமல் நாள் குறிப்பது இன்னொரு தவறு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டுக் கதவு மாட்டினால் கொஞ்ச நாளிலேயே துரு ஒழுகும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும். விலை கூட என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கருவிகளையும் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து எண்ணெய் போடுங்கள். மொட்டை மாடி ஒழுகலுக்கு மாசி, பங்குனியில் வேலை பிடிக்க வேண்டும், ஆனியில் பிடித்தால் ஈரம் காயாது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க எல்லோரும் கார்த்திகையில்தான் நினைப்பார்கள், அப்போதுதான் அடைமழையும் பெய்யும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நாட்களில் ஆளும் கிடைக்க மாட்டார்கள். அதனால் புரட்டாசியிலேயே பழைய வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "வெளிச் சுவர் இப்ப முடிச்சிடலாமா, உள்ளே அப்புறம் பாத்துக்கலாம்" என்று கேட்கிறேன். அந்த ஒரு கூப்பிடலால் எனக்கு டிசம்பரில் பொய் சொல்ல வேண்டிய நிலை வருவதில்லை. வர முடியாத நாளைக்கு "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து வைப்பவரை இந்த ஊரில் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயலில் ரப்பரும் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தபோது, மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவர்களுக்கு என்ன விலை கேட்டாலும் கிடைக்கிற நிலைமை. எங்கள் ஊரில் ஒரு அண்ணன் வழக்கமான கூலிதான் வாங்கினார். வயதானவர்கள் தனியாக இருந்த இரண்டு வீட்டில் வாசலை அடைத்துக் கிடந்த மரத்தைச் சும்மாவே அறுத்துப் போட்டார். இன்று அவருக்கு முட்டி வலி, மெஷின் தூக்குவதில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் யாருக்கு என்ன வேலை என்றாலும் முதலில் அவரிடம்தான் கேட்கிறார்கள், அவர் கை காட்டும் ஆளைத்தான் வைக்கிறார்கள். எனக்கு வந்த முதல் பத்து வேலையில் ஆறு, அவர் கை காட்டி வந்தவை.