பிள்ளை ஏறி நிற்க ஒரு குரண்டி

எங்கள் வீட்டு வாஷ்பேசின் தரையிலிருந்து 32 அங்குல உயரம். மூன்று வயது மகளுக்கு அது தாடைக்கு நேராக வரும். தினமும் காலையில் ஒரு கையால் அவளைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பல் தேய்த்துவிட்டு அலுத்துப் போனபோதுதான் குரண்டி செய்யும் எண்ணம் வந்தது. மற்ற ஊர்களில் மணை என்பார்கள், குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்களுக்கு அது குரண்டி. தாத்தா உட்கார்ந்து சாப்பிட்டது தரையோடு ஒட்டியிருக்கும். பிள்ளை ஏறி நிற்க 8 அங்குல உயரம் வேண்டும்.

முதலில் மரம். முதல் தடவை குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பலகை மலிவாகக் கிடைத்தது. மருந்தில் ஊறவைக்காத பலகை என்று எனக்குத் தெரியாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு அது விருந்து. சில மாதத்தில் அடியில் மாவு மாவாகக் கொட்டியது. போரான் மருந்து ஏற்றிய ரப்பர் பலகை என்றால் தாராளமாக வாங்கலாம். எனக்குப் பிடித்தது பலா இனத்தைச் சேர்ந்த அயனிதான். அயனிச்சக்கை தின்று வளர்ந்த ஊரில் அந்த மரத்தின் உறுதியைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் நன்றாகக் காய்ந்த அயனி கிடைக்கும். ஆனால் பெயின்ட் அடித்த பலகையைத் தொடாதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயின்டைத் தேய்த்தால் பறக்கும் தூசு பிள்ளைக்கு ஆகவே ஆகாது.

மேல்பலகை 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். கால்களுக்கு அதே 10 அங்குல அகலத்தில் இரண்டு பலகைகள், மரத்தின் நார் ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி. கால்பலகையை மேல்பலகையின் முனையை ஒட்டியே வையுங்கள். மேல்பலகை காலுக்கு வெளியே நீண்டிருந்தால், பிள்ளை ஓரத்தில் மிதித்ததும் குரண்டி கவிழும். கால்பலகையின் அடியில் நடுவில் வளைவாக வெட்டியெடுத்தால் நான்கு முனைகள் மட்டும் தரையில் படும், ஆட்டம் குறையும்.

இனி நான் கெடுத்த இடம். ஐப்பசி மழையில் செய்த குரண்டிக்கு, பலமாக இருக்கட்டும் என்று மேல்பலகையின் அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு வைத்து, பசையும் போட்டு ஆணியும் அடித்தேன். மாசி வெயிலில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. நடுவில் பிளந்து மூன்று மில்லிமீட்டர் விரிசல். மகள் ஏறி நின்றதும் அவள் உள்ளங்கால் தோல் அதில் இடுங்கிவிட்டது. அன்று அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆசாரி மாமா குரண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, பலகைய இப்பிடி கெட்டிப்போடலாமா? அதுக்கு அசையணும்லா" என்றார்.

நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை. பலகை ரேகைக்குக் குறுக்கே ஊதும், சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. மேல்பலகையும் கால்பலகையும் ஒரே பக்கமாக அகலப்படுவதால் சேர்ந்தே அசையும். அதனால் மேல்பலகையின் அடியில் கால் அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, கால்பலகையை அதில் இறக்கிப் பசை போடுங்கள். மேலிருந்து காலுக்கு இரண்டு ஸ்க்ரூ, முதலில் துளை போட்டுவிட்டு. தலையை உள்ளே இறக்கி மரத்துண்டால் அடைத்துவிடுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளவாக்கில் 3 அங்குலச் சட்டம் ஒன்று போதும், அதை மேல்பலகையோடு ஒட்டாதீர்கள். பசை காய ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

ஓரங்களையெல்லாம் இழைப்புளியால் மழுக்கி, 80, 120, 220 எண் என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். அப்புறம் பழைய நைலான் சேலைத் துண்டை எல்லாப் பக்கமும் தடவுங்கள். கைக்குத் தெரியாத சிலாம்பும் துணியில் மாட்டும். மாட்டிய இடத்தில் மறுபடி தேயுங்கள்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, பிசுக்குதான் மிஞ்சும். மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகு, நான்கு பங்கு ஆளிவிதை எண்ணெய். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஆறியதும் மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெயில் காலமானாலும் சில வாரம் காயவிட்டே பிள்ளையிடம் கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

மிஞ்சிய துண்டுகளில் அடுக்கி விளையாடக் கட்டைகள் அறுக்கலாம். சிறு பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்கும் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு தொண்டையில் சிக்கலாம். நான் எல்லாக் கட்டையையும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் அறுக்கிறேன். அதைவிடச் சிறியதெல்லாம் அடுப்புக்கு.