மிக்ஸை இடைவெளி விழாமல் ஆடியோ சிடியில் எழுதுவது எப்படி

பாட்டோடு பாட்டைக் குழைத்து ஒரு மணி நேரத்துக்கு மிக்ஸ் பண்ணியாயிற்று, ஆசையாக சிடியில் எழுதியாயிற்று, போட்டுக் கேட்டால் மூன்றாவது பாட்டு நாலாவதுக்குள் நழுவுகிற இடத்தில் திடீரென்று இரண்டு நொடி மயான அமைதி. நான் முதலில் எழுதிய சிடியில் பன்னிரண்டு பாட்டு, பதினோரு இடத்தில் இந்தப் பள்ளம். அது 120 பிபிஎம் மிக்ஸ், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு, இரண்டு நொடி என்றால் சரியாக நாலு தட்டு, அதனால் வேடிக்கை என்னவென்றால் தாளம்கூடத் தப்பவில்லை, சத்தம்தான் காணாமல் போனது.

இதற்கு சிடியைக் குறை சொல்ல முடியாது. ஆடியோ சிடியின் விதிப்படி முதல் ட்ராக்குக்கு முன்னால்தான் இரண்டு நொடி கட்டாயம், மற்ற ட்ராக்குகளுக்கு நடுவே ஒன்றுமே இருக்கத் தேவையில்லை. பர்ன் செய்யும் மென்பொருள்கள் பலவும் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் அதைச் சேர்த்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

அவசரம் என்றால் ஒரு சுலப வழி இருக்கிறது. மொத்த மிக்ஸையும் ஒரே ட்ராக்காக எழுதிவிடுங்கள், இடைவெளிக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் ஐம்பதாவது நிமிடத்தில் வரும் பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இசையும் அறுபடக் கூடாது, அடுத்த பாட்டுக்குத் தாவவும் முடிய வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

நிறைய பேர் சறுக்குவது மிக்ஸை எம்பி3 துண்டுகளாக வெட்டும்போது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்) கொண்ட கட்டுகளாகத்தான் சேமிக்கும், உங்கள் துண்டு கடைசிக் கட்டை நிரப்பாவிட்டால் மிச்சத்தை அமைதியால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொள்ளும். மென்பொருளில் இடைவெளி பூஜ்யம் என்று வைத்தாலும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விக்கல் வருவது இதனால்தான். மிக்ஸ் ஏற்கெனவே ஒரே நீள எம்பி3யாக உங்களிடம் இருந்தால் பரவாயில்லை, முழுசாக, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். தொலைந்த தரம் திரும்பி வராது, ஆனால் புதிதாக ஒட்டுத் தையலும் விழாது.

அந்த வேவ் கோப்பு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று இருக்க வேண்டும். வீடியோவிலிருந்து எடுத்த ஒலி பெரும்பாலும் 48,000 ஆக இருக்கும், அதை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து ஏற்றுமதி செய்யும்போதே 44,100க்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 75 நிமிட மிக்ஸ் சுமார் 794 எம்பி வரும், சிடி உறையிலோ 700 எம்பி என்றுதான் போட்டிருக்கும். அந்த 700 என்பது டேட்டாவுக்கான கணக்கு. டேட்டா எழுதும்போது ஒவ்வொரு செக்டாரிலும் (சிடியின் சிறு துண்டு) பிழை திருத்தத்துக்கு என்று கொஞ்சம் இடம் போய்விடும், ஆடியோவில் அந்த இடத்திலும் பாட்டே உட்காரும். நீங்கள் பார்க்க வேண்டியது நிமிடத்தை: 80 நிமிட சிடி என்றால் 79க்குள் நிறுத்துங்கள். மிக்ஸ் அதைவிட நீளமாக இருந்தால் இரண்டு சிடியாகப் பிரிப்பதே மேல். பிரிக்கும் இடத்தில் முதல் சிடியை மெல்ல அடக்கி முடித்துவிட்டு, இரண்டாவதை அதற்குச் சில நொடி முன்னாலிருந்து மெல்ல எழுப்பித் தொடங்குங்கள்.

இப்போது வெட்டும் வேலை. உண்மையில் வெட்டவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆடியோ சிடி ஒரு நொடியை 75 ஃப்ரேமாகப் பிரிக்கிறது, ஒரு ஃப்ரேமுக்கு 588 சாம்பிள். வேவ் கோப்பை நீங்கள் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் வெட்டினால் அது அநேகமாக ஒரு ஃப்ரேமின் நடுவில்தான் விழும், மீதி இடத்தை மென்பொருள் பூஜ்யத்தால் நிரப்பிவிடும், அது காதுக்கு 'டிக்' என்று கேட்கும். வெட்டித்தான் தீருவேன் என்றால், ஆடாசிட்டியில் நேரம் காட்டும் கட்டத்தைச் சிடி ஃப்ரேம் கணக்குக்கு மாற்றி, வெட்டும் இடத்தைத் தானாக ஃப்ரேம் எல்லையில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பை இயக்கிவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் க்யூ ஷீட் எழுதுங்கள், அதுவே தொல்லையில்லாத வழி.

க்யூ ஷீட் என்பது நோட்பேடில் அடிக்கிற ஒரு சாதாரணக் கோப்பு. முதல் வரியில் வேவ் கோப்பின் பெயர், அதன் கீழே ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு எண்ணும் அது தொடங்கும் நேரமும். மிக்ஸ் ஒரே கோப்பாக அப்படியே இருக்கும், எங்கே புது எண் தொடங்க வேண்டும் என்று மட்டும் இந்தச் சீட்டு சொல்லும். கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுங்கள், தமிழ்ப் பெயரைக் கண்டால் முறைக்கிற மென்பொருள்கள் உண்டு. கையால் அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு, சிடி எழுதும் மென்பொருளான இம்க்பர்னிலேயே க்யூ கோப்பு உருவாக்கும் கருவி இருக்கிறது.

நேரம் எழுதுவதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானும் மாட்டியிருக்கிறேன். 04:32:50 என்று எழுதினால் நாலு நிமிடம், 32 நொடி, 50 ஃப்ரேம் என்று அர்த்தம். கடைசி எண் 00 முதல் 74 வரைதான் போகும். ஆடாசிட்டி 4 நிமிடம் 32.667 நொடி என்று காட்டுகிறது என்று வையுங்கள், அப்படியே 04:32:67 என்று அடிக்கத்தான் கை போகும். அது தவறு. 0.667ஐ 75ஆல் பெருக்குங்கள், 50 வரும், அதுதான் எழுத வேண்டியது. 67 என்று விட்டால் மென்பொருள் மறுக்காது, ட்ராக் மட்டும் கால் நொடி தள்ளித் தொடங்கும், அந்தப் பாட்டுக்குத் தாவும்போதெல்லாம் முதல் தட்டு காணாமல் போயிருக்கும். 84 என்று அடித்திருந்தாலாவது பிழை என்று சொல்லியிருக்கும்.

சரி, குழைந்து கிடக்கும் இரண்டு பாட்டுக்கு நடுவே ட்ராக் பிரியும் கோட்டை எங்கே போடுவது? புதுப் பாட்டின் முதல் ஒலி லேசாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் போட்டால், அதற்குத் தாவுகிறவருக்கு அரை நிமிடம் பழைய பாட்டுதான் கேட்கும். பழையது அடங்கி, புதியது கையில் எடுத்துக்கொள்கிற சுற்றின் முதல் தட்டில் போடுங்கள், அதுவும் இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால். ஒரு ஃப்ரேம் என்பது 13 மில்லிநொடிதான், அதனால் முன்னால் வைப்பது காதுக்குத் தெரியாது, பின்னால் வைத்தால் தட்டின் தலை வெட்டுப்படும்.

எழுதும்போது முறை 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்று இருக்க வேண்டும். லேசர் நிற்காமல் ஒரே ஓட்டமாக எழுதும் முறை அது. 'ட்ராக் அட் ஒன்ஸ்' வைத்தால் ஒவ்வொரு ட்ராக் முடிவிலும் லேசர் நின்று கிளம்பும், பள்ளம் திரும்ப வந்துவிடும். விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி, எதுவானாலும் வேவைக் கொடுக்காமல் க்யூ கோப்பைக் கொடுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி எதுவும் இயங்கினால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக ஏற்றி இறக்கினால் இணைப்பில் சத்தம் படிக்கட்டு மாதிரி மாறும். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் போதும், அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவைப் பழைய பிளேயர்கள் பல படிக்கத் திணறும். வேகம் 16ஐத் தாண்ட வேண்டியதில்லை. பாட்டுப் பெயர் பிளேயரில் ஓட வேண்டும் என்று சிடி டெக்ஸ்ட் சேர்ப்பதானால் அதையும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள், அந்த முறையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை.

எழுதி முடித்ததும் முழுசாகக் கேட்க வேண்டாம், ஒவ்வொரு ட்ராக்கின் கடைசிப் பத்து நொடியை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். இதைக் கணினியில் செய்து ஏமாறாதீர்கள். சில மென்பொருள்கள் ட்ராக் மாறும்போது தாங்களாகவே மூச்சு வாங்கும், சிடியில் குறையே இருக்காது. தனி சிடி பிளேயரிலோ காரிலோ போட்டுக் கேளுங்கள், அங்கேயும் விக்கல் வந்தால் முதலில் ஷஃபிள் இயங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் சிடியைத் தூக்கிப் போடுங்கள்.