போடிமெட்டு ஏறப் போகிறவர்களுக்கு

போடியிலிருந்து மூணாறுக்கு பைக்கில் போக எத்தனை சிசி வண்டி வேண்டும் என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையிலேயே மலையேறத் தொடங்கிவிடும். மாலையில் அதே ஜீப்புகள் வீட்டு அவசரத்தில் இறங்கும். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், உங்களுக்கு இல்லை. ஆகவே எட்டரை மணிக்கு மேல் ஏறுங்கள். அன்றே திரும்புவதானால் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

என்னுடையது 125 சிசி. மனைவியையும் பையையும் சுமந்துகொண்டு முனகாமல் ஏறும். முந்தின நாளே பிரேக், டயர் காற்று, செயின் தொய்வு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோலை போடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லைச் சோதனைச் சாவடிகள் இருப்பதால் வண்டிக் காகிதங்கள் கையோடு இருக்கட்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டை எட்டுவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்திருப்பீர்கள். இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இடப்பக்கம் திரும்புபவைதான் ஆளைச் சோதிக்கும். உள்வட்டம் நம்முடையது, அங்கே ஏற்றம் சட்டென்று செங்குத்தாகும், லாரி டயர்கள் ஒதுக்கிய பொடிக்கல்லும் அங்கேதான் கிடக்கும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், சுமை அதிகமானால் முதல் கியர். வளைவுக்குள் போய் கிளட்சைப் பிடித்துக் கியர் தேடினால் வண்டி நின்று பின்னால் உருளும். ஹார்ன் அடியுங்கள். நம் பாதிச் சாலைக்குள்ளேயே சற்று வலப்பக்கம் ஒதுங்கி நுழையுங்கள். கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். பின்னால் இருப்பவர் நம்மோடு சேர்ந்து சாயவேண்டும். என் மனைவி எதிர்ப்பக்கம் சாய்வாள். சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்துகளிலும் அப்படித்தான்.

எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பஸ் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும்போது விதியைப் பேசிக்கொண்டு நிற்க முடியாது.

ஏறும்போது அழகெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கீழே போடிச் சமவெளி, தென்னந்தோப்புகள், வெயிலில் மின்னும் கண்மாய்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள். அகலமான இடத்தில், வளைவிலிருந்து தள்ளி, வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மழைக்காலமானால் புலியூத்து அருவியும் கண்ணில் படும்.

கீழே வேர்த்த சட்டை மெட்டில் நடுங்க வைக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், காற்று வேறு. டீ குடிக்க நிற்கும்போதே ஜெர்கினைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் வாசனை சாலைக்கே வந்துவிடும்.

மெட்டைத் தாண்டி வரும் பூப்பாறையில் வலப்பக்கம் திரும்பினால் ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல், தேவிகுளம் வழியாக மூணாறு. ஆனையிறங்கல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு அந்தச் சாலையே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, போடியில் வெயில் அடித்தாலும், கேரளப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோட்டில் பெரும் மண்சரிவுகள் நடந்திருக்கின்றன. அந்த மாதங்களில் சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போவதைத்தான் நான் விரும்புவேன். குளிர் கூடுதல், ஆனால் பாதை காய்ந்திருக்கும்.

இறக்கத்தில்தான் பலர் கெடுகிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் பைத்தியக்காரத்தனம். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். கருகிய வாடை வந்தாலோ லீவர் மெத்தென்று உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிப்போகும்.