நெடுந்தூரக் கயோட்டி வேட்டைக்கு ரைஃபிள் கலிபர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, நெவாடா போன்ற மேற்கு மாநிலங்களில், சேஜ்பிரஷ் புதர்கள் மண்டிய திறந்த வெளிகளில் கயோட்டி (ஓநாய்க்கு நெருங்கிய சிறு காட்டு விலங்கு) வேட்டைக்குப் புதிதாக இறங்குபவர்கள் துப்பாக்கிக் கடையில் முதலில் கேட்பது, எந்தக் கலிபர் (குழல் துளையின் விட்டத்தையொட்டிப் பெயரிடப்படும் தோட்டா வகை) வாங்கலாம் என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் குண்டின் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 300 கஜத்துக்கு அப்பால் நிற்கும் கயோட்டி குறி தவறித் தப்புவதற்கும், அதைவிடக் கொடுமையாகக் குண்டடிபட்ட காயத்தோடு புதருக்குள் ஓடி மறைவதற்கும், வேகக் குறைவைவிடப் பக்கக் காற்றே பெரும்பாலும் காரணமாகிறது.

மேற்கு மாநிலங்களில் வளர்ந்த கயோட்டி பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ எடைதான் இருக்கும். குளிர்கால ரோமம் அதை மிகப் பெரிதாகக் காட்டினாலும், இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 5 அங்குல அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்தச் சிறிய இலக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கலிபரின் அட்டவணையையும் படிக்க வேண்டும்.

மூன்று தோட்டாக்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். மணிக்கு 10 மைல் வேகத்தில் நேர் குறுக்காகக் காற்று வீசுவதாகவும், தூரம் 400 கஜம் என்றும் கொள்வோம். வினாடிக்கு 3,240 அடி வேகத்தில் புறப்படும் .223 ரெமிங்டனின் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டு அந்தத் தூரத்தில் சுமார் 20 அங்குலம் விலகுகிறது. அதே 55 கிரெய்ன் குண்டை .22-250 ரெமிங்டன் 3,680 அடி வேகத்தில் அனுப்புகிறது. ஆனாலும் விலகல் சுமார் 17 அங்குலமாகத்தான் குறைகிறது. .243 வின்செஸ்டரில் 87 கிரெய்ன் எடையுள்ள, காற்றுத் தடையைக் குறைக்கும் நீண்ட வடிவக் குண்டு .223-இன் அதே 3,240 அடி வேகத்தில் கிளம்பினாலும் 12 அங்குல அளவிலேயே விலகுகிறது. வேகத்தில் 440 அடி கூடியதால் கிடைத்த பலன் மூன்று அங்குலம். வேகம் கூடாமலே குண்டின் எடையாலும் வடிவத்தாலும் கிடைத்த பலன் எட்டு அங்குலம். குண்டு காற்றை எவ்வளவு எளிதாகக் கிழித்துச் செல்கிறது என்பதைக் குறிக்கும் பி.சி. (பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்) எண்ணைப் பார்க்காமல், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

குண்டு கீழே இறங்குவது பெரிய சிக்கலே அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லேசர் தூரமானி தூரத்தைச் சொல்லிவிடும்; ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகைத் தேவையான அளவு திருப்பினால் இறக்கம் சரியாகிவிடும். காற்று அப்படியல்ல, நாம் படுத்திருக்கும் மேட்டில் அசைவே இல்லாதபோதும் நடுவில் இருக்கும் ஓடைப்பள்ளத்தில் பலமாக வீசிக்கொண்டிருக்கலாம். அதைக் கணிப்பதில் எந்த வேட்டைக்காரரும் மணிக்கு நான்கைந்து மைல் தவறுவது இயல்பு. அந்தத் தவறைக் கூடுதலாகத் தாங்கிக்கொள்ளும் குண்டே நெடுந்தூரத்துக்கு ஏற்ற குண்டு.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழும் குழி, குழலின் முறுக்கைக் (குண்டைச் சுழல வைக்க உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகள் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்பது) கவனிக்காமல் கனமான குண்டை வாங்குவது. .22-250 ரெமிங்டன் 1965-இல் தொழிற்சாலைத் தோட்டாவாக வந்தபோது, இலகுவான குண்டுகளை மனத்தில் வைத்தே 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு வழக்கமாயிற்று. அந்தக் குழலில் 75 கிரெய்ன் நீண்ட குண்டைப் போட்டால் அது போதிய சுழற்சி பெறாமல் தள்ளாடும்; காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போல நீண்ட கிழிசல் விழுவதே அதற்கு அடையாளம். இன்று 8 அல்லது 9 அங்குல முறுக்கோடும் இந்தக் கலிபரில் ரைஃபிள்கள் வருகின்றன. ஆகவே பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குமுன் முறுக்கு என்ன என்று கேட்டாக வேண்டும். எனக்கு இது கலிபரின் பெயரைவிட முக்கியமான கேள்வியாகப் படுகிறது. 8 அங்குல முறுக்குள்ள எளிய .223 ரைஃபிளில் 75 கிரெய்ன் குண்டு 400 கஜத்தில் காட்டும் ஒழுங்கு, பெயர்பெற்ற பழைய அதிவேக ரைஃபிள்களுக்குச் சிறிதும் குறைந்ததல்ல.

கலிஃபோர்னியாவில் வேட்டையாடுபவர்களுக்கு முறுக்கைக் கவனிப்பது விருப்பத் தேர்வுகூட அல்ல. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயம் கலவாத குண்டே சட்டப்படி தேவை. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். இதை அறியாமல், ஈயக் குண்டை அழகாகக் குவித்துச் சுட்ட ரைஃபிள் செம்பில் சிதறுகிறது என்று ரைஃபிளைக் குறைசொல்வது நியாயமல்ல.

குண்டின் உள்ளமைப்பைப் பற்றிய தவறு இன்னும் வருத்தம் தருவது. ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பது விலங்கு. புல்வெளி நாய் எனப்படும் சிறு கொறிவிலங்குக்காகச் செய்யப்பட்ட மிக இலகுவான குண்டுகள், பட்டவுடன் பொடியாகும்படி மெல்லிய உறையோடு வருகின்றன. 40 கிரெய்ன் குண்டு 4,000 அடிக்கும் மேலான வேகத்தில் அருகில் நிற்கும் கயோட்டியின் தோள்பட்டை எலும்பில் பட்டால், உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே வெடித்து அகலமான ஆழமற்ற புண்ணை மட்டும் உண்டாக்கக்கூடும். விலங்கு ஓடிவிடும், உடனே சாகாது. இதற்கு அஞ்சி முழு உலோக உறைக் குண்டுக்குப் போவது இன்னொரு பிழை: அது விரியாமல் ஊசிபோல ஊடுருவிச் செல்கிறது, பாறையில் பட்டுத் தெறிக்கவும் செய்கிறது. தோல் கெடாமல் இருக்க இதுவே வழி என்று சிலர் சொல்வதுண்டு. காயத்தோடு தொலைந்துபோன கயோட்டியின் தோல் யாருக்கும் பயன்படப் போவதில்லை. இலக்குப் போட்டிக்கான குண்டுகளும் விரிவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. .223-க்கு 55 கிரெய்ன் முதலும், .243-க்கு 75 முதல் 87 கிரெய்ன் வரையும் விரியும் குண்டுகளைப் பார்ப்பது நல்லது.

பெரிய கலிபர் என்றால் பிழைக்கு இடமில்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. .25-06 ரெமிங்டனும் 6.5 கிரீட்மூரும் மான் வேட்டைக்கு அருமையானவை. கயோட்டிக்கு அவை தேவைக்கு மேற்பட்டவை என்பதைவிட, பின்னுதைப்பில் ஸ்கோப் துள்ளி, குண்டு விழுந்த இடத்தைப் பார்க்க முடியாமல் போவதே என் ஆட்சேபம். .223-இல் சுடும்போது ஸ்கோப் வழியாகவே குண்டு எங்கே பட்டது, தூசி எந்தப் பக்கம் எழுந்தது என்று பார்த்துவிடலாம். முதல் குண்டு தவறினால் இரண்டாவதைத் திருத்துவதற்கு அந்தப் பார்வைதான் ஒரே ஆதாரம். இனப்பெருக்கக் காலமான சனவரி, பிப்ரவரியில் கயோட்டிகள் இணையாகவே அடிக்கடி வருவதால், சுட்டவுடன் மற்றதைக் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது. கனமான குண்டு வெகுதூரம் ஆற்றலோடு போகும் என்பதால், மாட்டுப் பண்ணைகளுக்கு அருகில் பின்னணியில் மண்மேடு இருக்கிறதா என்பதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்கவும் வேண்டும்.

குழலின் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாக: தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. 16 அங்குலக் குழல் உள்ள ஏ.ஆர். (ஏ.ஆர்.-15 வகைத் தானியங்கி நிரப்பு) ரைஃபிளில் .223 வினாடிக்கு 200 அடிக்கு மேல் இழக்கலாம். அட்டவணையின் எண்ணை அப்படியே குண்டின் பாதையைக் கணக்கிடும் கைபேசிச் செயலியில் ஏற்றினால் 400 கஜத்தில் குண்டு எதிர்பார்த்ததற்குக் கீழே விழும். குரோனோகிராஃபில் சொந்த ரைஃபிளின் வேகத்தை அளந்து ஏற்றுவதே சரி.

கடைசியாக, கிடைக்காத தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் இன்றும் வியக்கத்தக்க தோட்டாதான். ஆனால் சிற்றூர்க் கடையில் அதன் பெட்டியைக் காண்பது அரிது. .223-ஐ எங்கும் வாங்கலாம், விலையும் குறைவு. மிகையான வெப்பத்தால் குழலின் தொண்டை (தோட்டா அறையை அடுத்துச் சுருள் வரிகள் தொடங்கும் இடம்) தேய்வதும் அதிவேகத் தோட்டாக்களைவிட அதில் மெதுவாகவே நடக்கிறது. நெடுந்தூரச் சுடுதல் பயிற்சியில்தான் கைவருகிறது என்பதால், ஆண்டு முழுவதும் காற்றில் சுட்டுப் பழகக் கட்டுப்படியாகும் தோட்டாவை வாங்குவது நல்லது. வாங்கும்போது ஒரே உற்பத்தித் தொகுதி எண் உள்ள பெட்டிகளாகப் பார்த்து எடுங்கள். தொகுதி மாறினால் வேகமும் குண்டு விழும் இடமும் மாறலாம் என்பதால், புதிய தொகுதியைத் திறக்கும்போது 100 கஜத்திலும் 300 கஜத்திலும் மறுபடி சுட்டுச் சரிபார்த்த பிறகே வேட்டைக்கு எடுத்துச் செல்லுங்கள்.