ஆங்ரி பேர்ட்ஸ் டூன்ஸை வைத்துப் பிள்ளையைத் தமிழ் பேச வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல வீடுகளில் ஆயா தமிழில் கேட்பார், பேரப்பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்லும். 1860-இல் இங்கே கப்பல் இறங்கிய நம் முன்னோர்களின் பேச்சு இன்று சாப்பாட்டுப் பெயர்களாகவும் கோயில் பாட்டாகவும் சுருங்கிக் கிடக்கிறது, அது எனக்கு வலிக்கிறது. தமிழ் கார்ட்டூன் போட்டால் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை, எழுந்து போய்விடுகிறார்கள். இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டால் தமிழுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் என் அக்காவின் ஐந்து வயது மகனுக்கு, யாருமே பேசாத கார்ட்டூன் ஒன்றைப் போட்டேன்.

ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும், 2009-இல் பின்லாந்தின் ரோவியோ வெளியிட்டது. அதிலிருந்து 2013-இல் ஆங்ரி பேர்ட்ஸ் டூன்ஸ் வந்தது. மூன்று சீசன், மொத்தம் 104 அத்தியாயம், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பறவைகள் கீச்சிடும், பன்றிகள் உறுமும், அவ்வளவுதான். கதை சொல்லும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரே அத்தியாயம் போதும். முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம், கரண்ட் போன நேரத்திலும் போடலாம். முதல் தடவை சும்மா பார்க்க விடுங்கள், கேள்வி கேட்கவே கூடாது, பிள்ளை சிரித்து முடிக்கட்டும். இரண்டாவது தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆயாவைப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: "ஐயோ, பன்னி முட்டையைத் தூக்கிட்டு ஓடுது பாரு!" தடதட, டமால், பொத்தென்று, விறுவிறு, இந்தச் சொற்களையெல்லாம் தாராளமாகப் போடுங்கள், பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது அவற்றைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழில் ஆளைப் பார்த்துத்தான் வினையின் முடிவு மாறும், இங்கிலீஷில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் பெரிய சுவர். இந்தக் கார்ட்டூனில் அதற்கு வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் தயாராக நிற்கிறார்கள். மஞ்சள் சக் ஓடினான், வெள்ளை மட்டில்டா கத்தினாள், நீலக்குஞ்சுகள் மூன்றும் சேர்ந்து பறந்தார்கள், முட்டை உருண்டது. பன்றி ராஜா வந்தால் மட்டும் "ராஜா வந்தார், ராஜாவுக்குப் பசிக்குது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ராஜாவை "வந்தான்" என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் பையனே இப்போது ஆயாவைத் திருத்துகிறான்! (இலக்கணப்படி பறவைக்கு "அது"தான், ஆனால் கதையில் அவனும் அவளும் வரலாம், நம் பாட்டிக் கதைகளில் நரி பேசவில்லையா?) வினைச்சொல்லையும் ஆளோடு ஒட்டி வையுங்கள்: பாம் என்றால் வெடிப்பான், பபிள்ஸ் என்றால் உப்புவான், பெரிய டெரன்ஸ் என்றால் முறைப்பான். விளையாட்டில் பறவைகளை எறிகிற, நாம் இங்கே கேட்டி என்று சொல்லும் கவணுக்குத் தமிழில் உண்டிவில் என்று பெயர், அதையும் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது தடவை பிள்ளை சொல்லட்டும். "பிக் எக்கை ஸ்டீல் பண்ணிடுச்சு" என்று வந்தாலும் சரி, தயவுசெய்து நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், சிரிக்கவும் கூடாது. ஒரு தடவை உறவினர் ஒருவர் சிரித்துவிட்டார், அப்புறம் மூன்று நாள் பையன் தமிழில் வாயே திறக்கவில்லை. "ஆமா, பன்னி முட்டையைத் திருடிடுச்சு, அப்புறம்?" என்று நாம் சரியான சொல்லைப் போட்டுத் திருப்பிச் சொன்னால் போதும். சொல் வராமல் திணறினால் படத்தை நிறுத்தி யார், எங்கே, ஏன் என்று ஒரு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்.

வார முடிவில் படத்தைப் போடாமல், தாத்தாவுக்குப் போன் செய்து கதையைச் சொல்லச் சொல்லுங்கள். தாத்தா நடுநடுவே "ராஜா என்ன செஞ்சார்?" என்று கேட்கட்டும். பாதிக் கதையாவது தமிழில் வந்துவிட்டால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம், வராவிட்டால் அதையே இன்னொரு வாரம் போடுங்கள், பிள்ளைகளுக்கு ஒன்றையே பத்துத் தடவை பார்த்தாலும் அலுக்காது.