சாட்சி சொல்லக் கிளம்பும் தம்பி, தங்கைகளே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

மே மாத வாலிபர் முகாம் முடிந்து வரும் பிள்ளைகளிடம் ஒரு வேகம் இருக்கும். ஆண்டவரைச் சந்தித்த சந்தோஷம், அவர் தங்களுக்குச் செய்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், அதாவது சாட்சி சொல்ல வேண்டும் என்ற துடிப்பு. நல்லதுதான். ஆனால் ஜூன் பிறந்ததும், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். ஜெபிக்காமல் போகாதே, வேதம் வாசி என்பதெல்லாம் ஞாயிறுபள்ளியிலேயே சொல்லியாயிற்று, அதை விட்டுவிடுகிறேன்.

பழைய பாவத்துக்கு மசாலா சேர்ப்பது

பிளஸ் டூ முடித்த பையன் தன்னை ஒரு காலத்தில் பெரிய ரவுடி என்கிறான். சின்ன வயதிலிருந்து அவனைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். யோவான் 9-ல் பார்வை பெற்றவனைப் பரிசேயர் என்ற யூத மதப் பெரியவர்கள் மடக்கி மடக்கிக் கேட்டபோது, குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன் என்று தெரிந்ததை மட்டும் சொன்னான். வீட்டில் எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், உங்கள் அம்மாவே தலையாட்டுவார்.

ஆண்டவர் சார்பில் நீங்கள் வாக்குக் கொடுப்பது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கடன் தீரும், விசா வரும், கட்டி கரையும் என்று அள்ளி விடுவது.

ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஜெபிக்கப் போன நம் பிள்ளைகள் சும்மா வராமல், "விசுவாசிச்சா சுகம் உண்டு, அப்புறம் மாத்திரை எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து நான் போனபோது, சமையலறை அலமாரியில் ஜெப எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் ரப்பர் பேண்டு போட்டபடி இருந்தன. புண் கறுத்து, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த அம்மா சொன்னது: "என் விசுவாசந்தான் பத்தல போல தம்பி." சொன்னவன் தப்பித்துவிட்டான், நோயாளி குற்றவாளி ஆகிவிட்டார்.

வேதத்தை முழுசாகப் படித்தால் இந்தத் துணிச்சல் வராது. அப்போஸ்தலர் பவுல் தன் ஊழியத் தோழன் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் நோயாளியாகவே விட்டுவிட்டுப் போனார். தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், அன்றைக்கு அதுதான் கைமருந்து. தன் உடம்பில் முள் என்று அவர் சொன்ன உபாதைக்காக மூன்று முறை வேண்டினார், முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. அவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா?

ஆண்டவர் சுகம் தருகிறார் என்று நானும் நம்புகிறேன், அதனால்தான் கேட்கிறேன். கேட்பது நம் வேலை, தேதி குறிப்பது நம் வேலை இல்லை. எரிகோ வழியில் குருடன் பர்திமேயுவிடம் இயேசுவே முதலில், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நீங்களும் கேளுங்கள். பாதிப் பேருக்கு ஸ்கேன் எடுக்கும் இடம்வரை கூட வர ஆள்தான் தேவையாக இருக்கும். போங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். மருந்தைப் பற்றி டாக்டர் பேசட்டும்.

அடுத்தவர் சாமியை ஏசுவது

எபேசு நகரத்தில் தியானாள் தேவியின் கோயிலை வைத்துப் பவுலின் கூட்டாளிகளுக்கு எதிராகக் கலகம் வந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று ஊர்ச் சம்பிரதியே, அதாவது நகர அதிகாரியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பற்றி டீக்கடைக்காரர் அப்படிச் சொல்வாரா?

ஜெபிக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

வேண்டாம்.

பதில் தெரியாமல் உளறுவது

"நல்லவங்களுக்கு ஏன் தம்பி கஷ்டம்?" என்று கேட்பார்கள். மூன்று வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்காதீர்கள். "தெரியல அண்ணே, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லலாம், ஆனால் சொன்னால் அடுத்த வாரம் திரும்பிப் போக வேண்டும், பெரும்பாலும் யாரும் போவதில்லை.